பணிமூப்பு அறியாத இரும்பு

மாவட்ட அலுவலகங்கள் ஒவ்வொன்றாகக் காஞ்சிபுரத்துக்கு வந்து சேர்ந்தபோது, கூடவே அதிகாரிகளும் வந்து சேர்ந்தார்கள். அதிகாரிகள் வந்தால் கிளப் வரும். கிளப் வந்தால் ஒரு தலைவர், ஒரு செயலாளர், கொறிப்பதற்கு வறுத்த முந்திரி எல்லாம் வரும். இதில் நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஆனால் நம் ஊர் அதிகாரிகளுக்கு இது போதவில்லை. சீட்டாட்டம் எந்த ஊரில்தான் இல்லை, நமக்கென்று ஒரு கௌரவம் வேண்டாமா என்று கிளப் தலைவர் கோதண்டபாணி ஒருநாள் கேட்டார். அவர் ஒரு துறையின் மண்டல அதிகாரி. எந்தத் துறை என்பது இந்தக் கதைக்கு அவசியமில்லை. அந்தத் துறை இருந்தபோதும் இல்லாதபோதும் ஊர் ஒரே மாதிரிதான் நடந்தது. அவர் கேட்ட கொஞ்ச நாளிலேயே, தாமலுக்குப் போகும் வழியில் தண்ணீர் வற்றிக் கிடந்த ஓர் ஏரியின் மேட்டுப் பக்கத்தில் கோல்ஃப் மைதானம் தயாராகிவிட்டது.

கோல்ஃபில் பந்து கடைசியாகப் போய் விழ வேண்டிய குழியைச் சுற்றி வழவழவென்று புல்தரை இருக்க வேண்டுமாம். அதற்குக் கிரீன் என்று பெயர். ஏரிக்குள் அந்தப் புல் வளர மறுத்துவிட்டது. ஆகவே மணலைக் கொட்டி, லாரி ஷெட்டில் மிச்சமான கழிவு எண்ணெயை ஊற்றி, கோணிச் சாக்கை இழுத்துத் தேய்த்துச் சமப்படுத்தினார்கள். கன்னங்கரேலென்று இருந்த அதற்கும் கிரீன் என்றே பெயர் வைத்துக் கமிட்டியில் தீர்மானம் போட்டார்கள்.

இந்த ஏரியில் ஞாயிறு தவறாமல் வெயிலில் நின்றவர்களில் அப்பாதுரையும் ஒருவர். கோதண்டபாணியின் ஆபீசில் சூப்பிரண்டு. மாகறலில் பயிர் வைத்துப் பிழைத்த குடும்பம். கோல்ஃப் என்பது சாப்பிடுகிற பண்டமா, பூசிக்கொள்கிற மருந்தா என்று தெரியாமலே நாற்பது வயதுவரை நிம்மதியாக இருந்தவர். கிளப்பில் எட்டுப் பேர் வேண்டும், ஏழு பேர்தான் இருக்கிறார்கள், நீ வா என்று தலைவர் சொன்னார். அப்பாதுரை போனார்.

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் மனைவி தேவகி காஞ்சிபுரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். கல்யாணமான நாளிலிருந்து அவள் இங்கே, அவர் தர்மபுரியில். அவள் இங்கே, அவர் திருவாரூரில். மணியார்டரும் இன்லண்டு லெட்டருமாகவே பாதி இல்லறம் கழிந்துபோயிற்று. மனுமேல் மனுவாகப் போட்டு, பார்க்க வேண்டியவர்களையெல்லாம் பார்த்து, ஒருவழியாகக் காஞ்சிபுரத்துக்கு மாற்றல் வாங்கி வந்து சேர்ந்திருந்தார். வந்து மூன்று வருஷம் முடியப் போகிறது. மூன்று வருஷம் ஆனவர்களை மே மாதத்தில் தூக்கி அடிப்பது வழக்கம். தூக்குவதா விடுவதா என்பது கோதண்டபாணியின் வாய்வார்த்தையில் இருந்தது. அவர் கண்ணெதிரில் ஞாயிற்றுக்கிழமைகளில் தொப்பி போட்டுக்கொண்டு நின்றால் அந்த வார்த்தை வராது என்று அப்பாதுரை நம்பினார். இதைத் தவிர கோல்ஃபில் அவருக்கு வேறு ஆசை எதுவும் கிடையாது.

அந்தக் கிளப்பில் ஆட்டம் பணிமூப்புப்படி நடந்தது. முதலில் தலைவர் அடிப்பார். அவருக்கு அடுத்த அதிகாரி அடுத்து அடிப்பார். இப்படியே இறங்கி வந்து கடைசியாக அப்பாதுரை. அடிப்பது மட்டுமல்ல, பந்து விழுவதும் பணிமூப்புப்படிதான். தலைவரின் பந்துக்கு நாலு தப்படி பின்னால் எக்ஸிகியூட்டிவ் என்ஜினீயர் தர்மனுடைய பந்து நிற்கும். அதற்குப் பின்னால் செயலாளர் அர்ஜுனனுடையது. சீனியாரிட்டி லிஸ்டைத் தரையில் எழுதி வைத்ததுபோல எட்டுப் பந்துகளும் வரிசையாகக் கிடக்கும். இதைப் பார்த்துப் பார்த்து அர்ஜுனனுக்குப் பெருமை தாங்காது.

இந்த ஒழுங்குக்குக் காரணம் அவர்களுடைய மட்டைகள். கோதண்டபாணியின் மச்சினர் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய புதுமாதிரி இரும்பு மட்டைகள் அவை. முகம் அகலமாக இருக்கும், முதுகு குழிந்திருக்கும், கனத்தையெல்லாம் ஓரங்களில் பரப்பி வைத்திருப்பார்கள். பந்து முகத்தில் எந்த மூலையில் பட்டாலும் ஏறக்குறைய நேராகப் போய்விடும். அடிக்கிறவன் செய்த பிசகை மட்டை தானே மன்னித்துக்கொள்ளும். அதனால் மெதுவாக அடித்தால் இவ்வளவு தூரம், இன்னும் மெதுவாக அடித்தால் அவ்வளவு தூரம் என்று எல்லோரும் கை பழகி வைத்திருந்தார்கள். மேலதிகாரியைவிடக் குறைவாக அடிப்பதென்பது சாமானிய வித்தை இல்லை. அப்பாதுரைக்கு அது கைவர ஒரு வருஷம் பிடித்தது.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கோதண்டபாணி நீலகிரிக்குக் கேம்ப் போனார். அங்கே ஏதோ ஒரு கிளப்பில் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர், இவருடைய மட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் உள்ளதாயிற்றே என்று சிரித்திருக்கிறார். சரியான ஆட்டக்காரன் மெல்லிய தகடு போன்ற இரும்பைத்தான் தொடுவான் என்றும் சொல்லியிருக்கிறார். கோதண்டபாணி மலையிலிருந்து இறங்கியதும் அவசரக் கூட்டம் போட்டார்.

"ஜென்டில்மென், இத்தனை நாளா நாம ஆடினது கோல்ஃபே இல்லை. தப்பா அடிச்சாலும் நேராப் போற மட்டை ஒரு மட்டையா? தப்புக்குத் தண்டனை இல்லேன்னா நிர்வாகம்னு ஒண்ணு எதுக்கு? என் சர்வீஸ்ல நானும் எத்தனையோ தப்புப் பண்ணியிருக்கேன். ஒவ்வொரு தப்புக்கும் எனக்குக் கீழே இருக்கிற ஒருத்தனையாவது தண்டிக்காம விட்டதில்லை. அதுக்குப் பேர்தான் டிசிப்ளின். இனிமேல் இந்தக் கிளப்பில மன்னிக்கிற மட்டை கிடையாது."

எல்லோரும் கை தட்டினார்கள். தர்மன் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்றுகூடச் சொன்னார்கள், தூசியாகவும் இருக்கலாம்.

மட்டை வாங்கிவரும் பொறுப்பு ஜரிகை வியாபாரி அஹமது பாஷாவுக்குப் போயிற்று. அவர் கிளப்பின் கௌரவ உறுப்பினர். முழங்கால் வலி என்று சொல்லி ஆட்டத்திலிருந்து கழன்றுகொண்டு, குடை நிழலில் உட்கார்ந்து எல்லோருக்கும் சர்பத் ஊற்றிக் கொடுப்பார். உள்ளபடி அவ்வளவு பேரில் விவரமானவர் அவர் ஒருவர்தான். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை வீட்டுச் சாமான்கள் மெட்ராஸில் ஏலத்துக்கு வந்தபோது அதில் பழைய செட் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். "அசல் விலாயத் சாமான் சார். பார்த்து எடுங்க, இது ரொம்பக் கோவக்கார ஜாதி," என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். மட்டையின் முகம் தோசைத் திருப்பி அகலம்கூட இல்லை. நடுவில் ஒரு ரூபாய்க் காசளவு இடத்தில் பந்து பட்டால் போகும். அந்த இடத்துக்கு ஒரு விரற்கடை தள்ளிப் பட்டாலும் பந்து அதன் இஷ்டத்துக்குப் போகும். அடித்தவனுக்கு முழங்கைவரை விண்ணென்று தெறிக்கும்.

அடுத்த ஞாயிறு திறப்பு விழா. தெருவில் பட்டுப் பாவு விரித்து நெசவாளிகள் இழை சேர்த்துக்கொண்டிருந்ததால் தலைவரின் ஜீப் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியதாயிற்று. பாவை நடுவில் சுருட்ட முடியாது என்று அவர்கள் எவ்வளவோ பணிவாகச் சொல்லியும், இந்த ஊரில் டிசிப்ளின் குறைவு என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார் கோதண்டபாணி. மைதானத்தில் மட்டைகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, சூடம் காட்டினார்கள். பிறகு தலைவர் ஏழாம் நம்பர் இரும்பை எடுத்துக்கொண்டு பந்தின் முன்னால் காலை அகட்டி நின்றார்.

ஓங்கி ஒரு வீச்சு. ஏரி மண் ஒரு கூடை அளவு பெயர்ந்து அவர் தொப்பிமேலேயே விழுந்தது. பந்து இருந்த இடத்தில் இருந்தது. பிறகு, மட்டை கிளப்பிய காற்றுக்கோ அதிர்ச்சிக்கோ, மெல்ல ஒரு சாண் உருண்டு நின்றது.

"இப்படி ஒரு கன்ட்ரோலை நான் பார்த்ததே இல்லை சார்," என்றார் அர்ஜுனன்.

அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு விஷயம் உறைத்தது. தலைவர் ஒரு சாண் அடித்திருக்கிறார். அடுத்தவர் அதற்கும் குறைவாக அடிக்க வேண்டும். அவருக்கும் அடுத்தவர் அதற்கும் குறைவாக. இனிக் கீழே போக இடமே இல்லை. பந்தைத் தொடாமல் இருப்பது ஒன்றுதான் வழி.

தர்மன் பெரிய மனுஷர். பந்துக்கு ஒரு முழம் மேலே மட்டையை வீசினார். எதிலும் படாத வீச்சின் வேகத்தில் தானே ஒரு சுற்றுச் சுற்றி மண்ணில் உட்கார்ந்தார். கைதட்டல். அர்ஜுனன் பந்துக்கு முன்னால் தரையை வெட்டி மணிக்கட்டைப் பிசகிக்கொண்டார். அவருக்கும் கைதட்டல். அடுத்து வந்தவர்களும் முறைப்படி தவறவிட்டார்கள். ஒருவர் மட்டும் எப்படியோ மட்டையின் நுனியால் பந்தைத் தொட்டுவிட்டார். அது வெடுக்கென்று பக்கவாட்டில் பாய்ந்து பாஷாவின் கார் விளக்கை உடைத்தது. எல்லோரும் பதறிப்போனார்கள். பக்கவாட்டில் போனது முன்னால் போனதாகாது என்று அர்ஜுனன் விளக்கம் சொன்னதும்தான் அந்த மனிதருக்கு மூச்சு வந்தது.

கடைசியில் அப்பாதுரை. வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. தொடக்கூடாது, தொடக்கூடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, பந்தைப் பார்த்தால் கை அங்கே போய்விடும் என்று பயந்து கண்ணை மூடிக்கொண்டார். மட்டையைத் தூக்கினார். பிறகு அதை அது போகும் வழியில் விட்டுவிட்டார்.

ஈர மண்ணில் மண்வெட்டி தானாக இறங்குவதுபோல இருந்தது. கையில் ஒரு அதிர்வும் இல்லை. க்ளிக் என்று சின்னதாக ஒரு சத்தம். கண்ணைத் திறந்தபோது பந்தைக் காணோம். எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரும் பார்த்தார். பந்து சாவதானமாக மேலே ஏறி, ஏரிக்கரை மரங்களுக்குச் சமமாக ஒரு கணம் நின்று, இறங்கி, அந்தக் கறுப்புக் கிரீனில் விழுந்து குழிக்குப் பக்கத்தில் போய் நின்றது.

கரைமேல் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் மட்டும் கையைத் தட்டினாள். அப்பாதுரை சிரித்தார். சிரித்திருக்கக் கூடாது. ஆனால் வாழ்க்கையில் எந்தக் காரியமும் அவ்வளவு சுலபமாக, அவ்வளவு அழகாக அவர் கையிலிருந்து போனதில்லை. சந்தோஷமாக இருந்தது, சிரித்துவிட்டார்.

புதன்கிழமை கிளப்பிலிருந்து மெமோ வந்தது. மூத்த உறுப்பினர்களின் பந்துகளை அனுமதியின்றிக் கடந்தது. பொதுமக்கள் கைதட்டும்படி நடந்துகொண்டது. அடித்த பின்பு வருத்தம் தெரிவிக்காமல் புன்னகை செய்தது. இவற்றுக்காக ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள்.

தேவகி படித்துவிட்டு முதலில் சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "கண்ண மூடிக்கினு அடிச்சேன், கை தவறிப் பட்டுடுச்சுன்னு எழுதிக் குடுங்க. அதானே நெசம்?" என்றாள்.

"நெசம்தான். ஆனா பட்டது நல்லா இருந்துதுமா," என்றார் அப்பாதுரை.

"அத எழுதிக்கினு நிக்காதீங்க," என்றாள் தேவகி. அவர் அதை எழுதவில்லை. கை தவறியது என்று மட்டும் எழுதி, இரண்டு இடத்தில் மன்னிப்பும் கேட்டுக் கொடுத்தார்.

கமிட்டி கூடியது. கை தவறி ஒரு பந்து அவ்வளவு தூரம் போகுமா என்பதைத் தலைவர் முன்னிலையில் நேரில் ஆராய்வது என்று முடிவாயிற்று. ஆகவே மறு ஞாயிறு அதே இடத்தில், அதே மட்டையோடு, அதே நேரத்தில் அப்பாதுரை மறுபடியும் அடித்துக் காட்ட வேண்டும். போன வாரம் இருந்த சூழ்நிலை அப்படியே இருக்க வேண்டும் என்பதற்காக ஆடு மேய்க்கிற அம்மாளையும் தேடிப் பிடித்துக் கரைமேல் நிற்க வைத்தார்கள். இந்தத் தடவை கை தட்டக் கூடாது என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்தார்கள். ஆடுகளுக்கு என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை.

மணிக்கட்டில் கட்டோடு அர்ஜுனன் நடைமுறையை விளக்கினார். இந்த விசாரணையில் ஒளிவுமறைவே கிடையாது, இரண்டு முடிவுகளையும் முன்கூட்டியே எழுதித் தயாராக வைத்திருக்கிறோம் என்றார். "நீர் இன்னைக்கும் நல்லா அடிச்சா, உமக்கு ஆட்டம் தெரியும்னு ரூபிக்கப்பட்டுடும். தெரிஞ்சிக்கிட்டே மூணு வருஷமா மேலதிகாரி கிட்ட மறைச்சது முதல் குத்தம். அடிக்காம தவறவிட்டா, உம்மால தவறவிட முடியும்னு ரூபிக்கப்பட்டுடும். முடிஞ்சிருந்தும் போன வாரம் தவறவிடாதது ரெண்டாவது குத்தம்."

அப்பாதுரை மனதுக்குள் இரண்டு தடவை கூட்டிக் கழித்துப் பார்த்தார். "அப்ப நான் இன்னாதான் சார் பண்ணணும்?" என்று கேட்டார்.

"நேர்மையா அடியும்," என்றார் கோதண்டபாணி. "எனக்கு வேண்டியது அதுதான். என்கிட்ட நேர்மையா நடந்துக்கிட்டவன் யாரையும் நான் இந்த ஊர்லேயே விட்டு வெச்சதில்லை. எல்லாரையும் நல்ல நல்ல இடமா பார்த்து அனுப்பியிருக்கேன்."

பாஷா சர்பத் டம்ளரோடு பக்கத்தில் வந்தார். "குடி பாய். எப்படி அடிச்சாலும் ஒண்ணுதான்னா, உனக்குப் புடிச்ச மாதிரி அடிச்சுட்டுப் போ," என்று காதோடு சொன்னார்.

அப்பாதுரை பந்தின் முன்னால் நின்றார். மூன்று வருஷமாக எவ்வளவு குறைக்கலாம், எங்கே நிறுத்தலாம் என்பதே கணக்காக மட்டையைப் பிடித்திருந்தார். இன்றைக்கு அந்தக் கணக்கு இல்லை. போன வாரத்து அந்த ஒரு கணம், அந்த க்ளிக், மறுபடி ஒரே ஒரு தடவை கையில் வந்தால் போதும் என்று இருந்தது. கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, மனதார, முழு ஆசையோடு வீசினார்.

பட்டது மட்டையின் குதிகாலில், முகம் கம்பியோடு சேருகிற மூலையில். முழங்கை வரை ஊசி ஏற்றியதுபோல வலித்தது. பந்து தரையோடு தரையாகத் தத்திப் போய், ஒரு சாணுக்குள்ளேயே ஆட்டுப் புழுக்கை ஒன்றில் முட்டி நின்றது.

அந்த இரும்புக்கு அவருடைய ஆசையும் ஒன்றுதான், மற்றவர்களுடைய மரியாதையும் ஒன்றுதான். காசளவு இடம் தப்பிப் போயிற்று, அவ்வளவுதான். அந்தக் கிளப்பில் யாருக்கும் பாரபட்சம் பார்க்காத ஒரே ஜந்து அது என்று அப்பாதுரைக்குத் தோன்றியது. வலித்த முழங்கையைத் தேய்த்துக்கொண்டார்.

தலைவரோ குதூகலமாகிவிட்டார். அர்ஜுனன் அளந்து பார்த்து, ஒரு சாணுக்கு நாலு விரற்கடை குறைவு என்று அறிவித்தார். "பரவாயில்லை அப்பாதுரை, நீ நம்ம ஆள்தான்," என்று கோதண்டபாணி அவர் முதுகில் தட்டினார். எழுதி வைத்த இரண்டு முடிவுகளில் எதையும் வாசிக்கச் சொல்லவில்லை. பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அப்பாதுரை வீட்டுக்குத் திரும்பும் வழியில் தேவகிக்குக் கதம்பம் வாங்கிக்கொண்டு போனார். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று இரண்டு பேரும் கச்சபேஸ்வரர் கோயில் பக்கம் காலாற நடந்துவிட்டு வந்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்த தேவகி, கைப்பையைக்கூட ஆணியில் மாட்டாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தலைவலியா என்று அப்பாதுரை கேட்டார். இல்லை என்று தலையசைத்தாள்.

"உங்க ஆபீசரு மெட்ராஸ் ஹெட் ஆபீசுக்கு டிரங்க் கால் புக் பண்ணாருங்க. நான்தான் லைன் குடுத்தேன்."

அவர் அடுப்பில் காப்பிக்கு வைத்த தண்ணீரை இறக்கிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"நாங்க ஒட்டுக் கேக்கக் கூடாது. டைம் பாக்கறதுக்காவ நடுவுல நடுவுல லைன்ல வரணும், அவ்ளோதான். மொதல் மூணு நிமிஷம் புது மட்டையப் பத்தியேதான் பேசிக்கினு இருந்தாரு. ஒரு சாண் அடிச்சாராம், அதச் சொல்லி ரெண்டு பேரும் சிரிச்சிக்கினு இருந்தாங்க. உங்க பேச்சே வரல. எனக்கு எவ்ளோ நிம்மதியா இருந்துது தெரியுமா? மூணு நிமிஷம் ஆயிடுச்சு. ரூல்படி கேக்கணும் இல்ல, டைம் முடிஞ்சுது சார், எக்ஸ்டெண்ட் பண்ணட்டுமான்னு கேட்டேன்."

"இன்னா சொன்னாரு?"

"அவருக்குப் பேச ஒண்ணும் இல்லீங்க. அந்தப் பக்கமும் வெக்கறேன்னுதான் சொல்லிக்கினு இருந்தாரு. நான் கேக்கவும் கொஞ்சம் யோசிச்சிட்டு, சரிம்மா, பண்ணுன்னாரு. அப்புறம், இன்னாத்தையாவது பேசணுமேன்னு, பரமக்குடியில ஒரு எடம் காலியா இருக்குதாமேன்னு ஆரம்பிச்சாரு. நம்ம ஆளு ஒருத்தன் இருக்கான், நல்லவன்தான், ஆனா ஒரு தடவ சரியாப் பட்டுட்டா கைக்கு ருசி தெரிஞ்சிபூடும், வெச்சிக்கக் கூடாதுன்னாரு."

தேவகி கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆர்டர் டைப் ஆவுதுங்க," என்றாள். "நான் கேக்காம இருந்திருந்தா வெச்சிட்டிருப்பாரு."